பாங்கு நேரத்தில் அறுகிற லைன்

அத்தியாயம் 14

போன வாரம் சுவரில் துளை போட்டதைப் படித்துவிட்டு, "இந்தத் துளையால் அந்த வீட்டுக்கு என்னென்ன வரப்போகிறதோ" என்று கார்டு எழுதிய வாசகிகளுக்கு முதலில் என் நன்றி. நீங்கள் பயந்ததில் கொஞ்சம் நடக்கத்தான் போகிறது. பயப்படாத ஒன்றும் நடக்கும்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் காதரும் ஹமீதும் பிறந்து வளர்ந்த வீடு, இரண்டு வருஷமாக இரண்டு வீடு. நடுவில் செங்கல் சுவர்; அண்ணன் பக்கம் பெரிய வீடு, தம்பி பக்கம் சின்ன வீடு. அண்ணன் காதர் பருத்தி வியாபாரம். தம்பி ஹமீது பன்னிரண்டு தறி போட்டு, ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறான். ஒரு மாவு கிரைண்டரை யார் முதலில் கழுவுவது என்று தொடங்கிய பேச்சு எப்படிச் சுவராக முடிந்தது என்பது மூன்றாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது. காதரின் மனைவி மெகராஜ் பேகமும் ஹமீதின் மனைவி நூர்னிசாவும் அதற்கு முன்பு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இந்தச் சுவரில்தான் காதரின் மகன் சேக் முகைதீன், சவூதி தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது, டிரில் மெஷினை வைத்து ஒரு துளை போட்டான். அங்கே கம்ப்யூட்டர் கடையில் வேலை அவனுக்கு. தன் அத்தா வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, டெலிபோனை மோடத்தில் மாட்டி, இன்டர்நெட் கொடுத்தான். சின்ன வீட்டில் நூர்னிசாவிடம் கம்ப்யூட்டர் உண்டு. கல்யாணப் பத்திரிகை, பெருநாள் வாழ்த்து, பேண்டேஜ் பாக்கெட் லேபிள் எல்லாம் அதில்தான் டிசைன் பண்ணுவாள். ஆனால் டெலிபோன் கிடையாது. எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"இருக்கிறது ஒரு லைன். அதை ஒரு வீடு மட்டும் எதுக்கு வச்சுக்கிடணும்? புது விண்டோஸ்ல ரெண்டு கம்ப்யூட்டரும் பங்கு போட்டுக்கிடலாம்" என்றான் சேக் முகைதீன். காதர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

அவன் சாம்பல் நிற வயர் ஒன்றைத் துளை வழியாக இழுத்து இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்துவிட்டான். நூர்னிசா இந்தப் பக்கம் மெயிலைத் திறந்தால், அந்தப் பக்கம் மோடம் மதுரைக்கு டயல் பண்ணும். கீய்ங் என்றும் கர்ர் என்றும் அது போடும் கூச்சல் துளை வழியாகவே கேட்கும். லைன் கிடைத்தால் கூச்சல் அடங்கிவிடும். ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை. பெரிய வீட்டுக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அது தூங்கினால் சின்ன வீட்டுக்கு இன்டர்நெட் இல்லை.

விமானம் ஏறப் போகும்போது அவன் தன் அம்மாவுக்கு இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்தான். "காலையில இந்தப் பட்டனை அமுக்கிருங்க. மத்ததை நூர்னிசா சாச்சி அந்தப் பக்கத்துல இருந்தே பாத்துக்கிடுவாக" என்பது ஒன்று. இன்னொன்று, ஒரு சொல். அவன் எழுதுவது தமிழ்தான் என்றாலும் இங்கிலீஷ் எழுத்தில்தான் மெயில் வரும். மெகராஜ் பேகம் தமிழ் வாசிப்பாள், குர்ஆன் ஓதுவாள், இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியாது. அதனால் 'அம்மா' என்ற சொல் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டிவிட்டான். "இது எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் உங்களைக் கூப்பிடுதேன்னு அர்த்தம்" என்றான்.

மெயில் வந்தால் காதர் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். இரண்டு வரியில் முடித்துவிடுவார். பொறவு அவர் எழுந்து போனதும் மெகராஜ் பேகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் தன் பெயரான அந்த 'அம்மா'வைத் தேடி விரலால் தொட்டுக்கொண்டிருப்பாள். இதுவரை நடந்தது இவ்வளவு.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு மருந்துச் சாமான் கம்பெனி, ஹமீதின் பேண்டேஜ் துணியைப் பாக்கெட்டோடு கேட்டிருந்தது. அதுவரை அவன் நெய்த துணியெல்லாம் வேறு யாருடைய மார்க்கையோ ஒட்டிக்கொண்டுதான் ஊரைவிட்டுப் போனது. இந்தத் தடவை 'மைனா' என்று அவனுடைய சொந்த மார்க். மைனாவை வரைந்தது நூர்னிசா. ஆறு தறி வேலையில்லாமல் நிற்கிற நேரத்தில் அந்த மைனா ஒன்றுதான் அவர்களுக்கு நம்பிக்கை.

புதன்கிழமை சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து மெயில் வந்தது. லேபிளில் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். திருத்தியது வியாழக்கிழமை இந்திய நேரம் ஐந்து மணிக்குள் கைக்கு வர வேண்டும். வெள்ளி அவர்களுக்கு லீவு. சனிக்கிழமை காலையில் யாருக்காவது ஆர்டரைக் கொடுத்தாக வேண்டும், உங்கள் லேபிள் வரவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

"நாளைக்கு அஞ்சு மணியா?" என்றான் ஹமீது.

"முடிச்சிருவேன். அனுப்புறதுதான் பயமா இருக்கு. தினமும் லைன் பாதில அறுந்து போகுது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அலாரம் வச்ச மாதிரி அறுக்காக" என்றாள் நூர்னிசா.

"அறுக்காகன்னா?"

"யாரு அறுப்பா? பட்டன் யார் வீட்டுல இருக்கோ அவியதான்."

அண்ணியைப் பற்றி அப்படி நினைக்க ஹமீதுக்கு மனசு வரவில்லை. இல்லை என்று அடித்துப் பேசவும் இரண்டு வருஷத்துச் சுவர் விடவில்லை. மறுநாள் காலையில், டெலிபோன் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து வருகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான்.

நூர்னிசா பதினொன்றரைக்கு லேபிளை முடித்தாள். மூன்று எம்.பி. கனம். ஒரு பிளாப்பியில் அடங்காது. நம் ஊர் லைனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து போகாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் லைன் கிடைத்தது. பிஸ்மி சொல்லி அனுப்பத் தொடங்கினாள். திரையில் நீலக் கோடு எறும்பு ஊர்வது போல நகர்ந்தது. கண்ணெடுக்காமல் பார்த்தால் நகராது என்று தோன்றவே, டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போட்டுவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் திரும்பி வந்தபோது முக்கால் கோடு தாண்டியிருந்தது. பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். நூர்னிசா டேப் ரிக்கார்டரை நிறுத்தினாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்தாள்.

லைன் அறுந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

மறுபடி டயல் பண்ணினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கீய்ங் சத்தம் இல்லை. பெரிய வீட்டுக் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. தொழுதாள், காத்திருந்தாள். மற்ற நாட்களில் அரை மணியில் உயிர் வந்துவிடும். இன்று ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று, இரண்டரையும் ஆயிற்று. துளைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஒரு கிரைண்டருக்காக, ஆறு தறியை நிறுத்திப் பார்ப்பார்களா மனுஷர்கள்? இரண்டு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த அத்தனையையும் சேர்த்துக்கொண்டு, செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி, இருபதடி நடந்து, பெரிய வீட்டு வாசற்படி ஏறினாள். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

கூடத்தில் தொழுகை விரிப்பு விரித்தபடி இருந்தது. பக்கத்தில் வெறும் பாயில் மெகராஜ் பேகம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமை. நோன்பு.

நூர்னிசா சுற்றிலும் பார்த்தாள். ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி மேலே வைத்திருந்தது. டி.வி. பிளக்கும் அப்படியே. கம்ப்யூட்டர் பிளக்கும் அப்படியே. கம்ப்யூட்டர் மேல் தொழுகைக்குப் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி, தூசி படாமல் மூடியிருந்தது.

இன்று மத்தியானம் பாங்கு கேட்டதும் தன் கை எங்கே போனது என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. டேப் ரிக்கார்டருக்கு. பாங்கு சொல்லும்போது வீட்டில் எதுவும் சத்தம் போடக் கூடாது. அது இரண்டு வீட்டுக்கும் ஒரே பழக்கம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்தில், அவள் கையிலிருந்த டிரான்சிஸ்டரை வாங்கி நிறுத்தி, இந்தப் பழக்கத்தைச் சொன்னதே மெகராஜ் பேகம்தான். ஒவ்வொரு நாளும் இந்தப் பக்கம் ஒருத்தி டேப்பை நிறுத்தியிருக்கிறாள், அதே நிமிஷத்தில் அந்தப் பக்கம் ஒருத்தி கம்ப்யூட்டரை நிறுத்தியிருக்கிறாள். லைன் அறுந்த நேரத்தை இத்தனை நாள் காலண்டரில் குறித்து வைத்தவளுக்கு அந்த நேரம் என்ன நேரம் என்று தோன்றாமல் போய்விட்டது.

மெகராஜ் பேகம் கண் விழித்தாள். எதிரே நிற்பது யார் என்று புரியச் செத்த நேரம் ஆயிற்று. பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"போயிருச்சா? உங்க லேபிள் போயிருச்சா?"

"லேபிள் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் நூர்னிசா.

"அந்தத் துளை வழியாத்தான். நேத்து நீயும் ஹமீதும் பேசினது கேட்டுச்சு. ஒட்டுக் கேக்கணும்னு இல்ல, துளைக்கிட்டதான உக்காந்து அரிசி பாத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கு அஞ்சு மணின்னு பேசிக்கிட்டீக. நான் வியாழக்கிழமை எப்பவும் வைக்கிற நோன்புதான். இன்னைக்கு மட்டும், என் கொழுந்தன் வீட்டுக் காரியம் நல்லா முடியணும்னு மனசுல நிய்யத்து வச்சேன்."

தினமும் அறுக்கிறார்கள் என்று தான் சொன்னதும் அதே துளை வழியாகப் போயிருக்கும் என்று நூர்னிசாவுக்கு உறைத்தது. தன்னைத் திட்டியதையும் கேட்டுவிட்டு, திட்டியவளுக்காகப் பசித்திருக்கிறாள் ஒருத்தி. நூர்னிசா அப்படியே பாயில் உட்கார்ந்தாள்.

"போகலைக்கா. பாதில அறுந்திருச்சு. நீங்க பிளக்கைப் பிடுங்குனதும் அறுந்திருச்சு."

மெகராஜ் பேகம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள்.

"அது கத்துமேன்னுதான் பிடுங்கினேன். பாங்கு நேரத்துல அந்த மாதிரி கீய்ங்னு கத்தலாமா? தொழுது முடிச்சுப் போட்டுருவேன். நோன்புக் கிறுக்குல இன்னைக்குப் படுத்தவ எந்திரிக்கலை. காரியம் நடக்கணும்னு நோன்பு வச்சு, நானே காரியத்தைக் கெடுத்துட்டேனே நூரு."

"நான்தான்க்கா கெட்ட புத்திக்காரி. நீங்க வேணும்னு செய்யுதீகன்னு நெனச்சேன். இப்பவும் சண்டை போடத்தான் வந்தேன். என்னை மன்னிச்சுருங்க."

"அது தெரியும். நீ படியேறின வேகம் தூக்கத்துலயே கேட்டுச்சு" என்றாள் மெகராஜ் பேகம். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பொறவு மெகராஜ் பேகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பிளக்கைச் செருகினாள். "மணி மூணு ஆகப் போகுது. ஓடு ஏட்டி."

ஏட்டி என்று அவள் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நூர்னிசா ஓடினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹமீதின் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. டெலிபோன் ஆபீசில் பொன்னுராஜ் என்ற கிளார்க் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்து, கம்பம் நட்டாயிற்று, கேபிள் இழுத்ததும் உங்கள் தெருதான், ஒரு மாசம் பொறுங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். ஹமீது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். அங்கே சிமென்ட் பெஞ்சில் காதர் உட்கார்ந்திருந்தார்.

கான்சாபுரத்தில் பருத்தி பார்க்கப் போகிறேன் என்று காலையில் அவர் வாசலில் நின்று சொன்னது ஹமீதின் காதிலும் விழுந்திருந்தது. பருத்தி பார்க்கப் போனவர் சாம்பிளுக்கு ஒரு கொத்தாவது கையில் வைத்திருப்பார். காதர் கையில் அகலமான பழுப்பு நிறக் கவர் ஒன்று இருந்தது. எக்ஸ்ரே வைத்துக் கொடுக்கிற கவர் மாதிரி இருந்தது. தம்பியைப் பார்த்ததும் அதைத் திருப்பி மடியில் கவிழ்த்து, மேலே துண்டைப் போட்டார்.

ஹமீது பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். மூன்றே முக்காலுக்கு ராஜபாளையம் பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. ஹமீதுக்கு முண்டத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே தெரியாது. எல்லோரும் ஏறி முடித்தபின் அவன் படியில் கால் வைத்தபோது, உள்ளே நிற்கவும் இடம் இல்லை.

ஜன்னலோர இருக்கை ஒன்றில் காதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் அவர் துண்டு கிடந்தது. ஒருவர் அதைத் தள்ளி உட்காரப் பார்த்தார்.

"ஆள் வருது" என்றார் காதர்.

ஹமீது அந்த இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஹமீது உட்கார்ந்தான். ராஜபாளையம் வரும்வரை இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடம் போன காலத்தில் முண்டியடித்து ஏறித் துண்டு போடுவது அண்ணன் வேலை, பின்னால் வந்து உட்காருவது தம்பி வேலை. அதை அவர் மறக்கவில்லை. பள்ளமும் மேடுமாகப் பஸ் குலுங்கும்போதெல்லாம் அண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வதையும் ஹமீது பார்த்தான்.

இங்கே மதுரை லைன் கிடைக்க மூன்று நாற்பது ஆகிவிட்டது. கீய்ங் என்று மோடம் கத்தி அடங்கியதும், மைனா மறுபடி புறப்பட்டது.

சுவரின் இரு பக்கமும் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, எம்புட்டு ஆச்சு?" என்றது துளை.

"காவாசிக்கா."

"இன்னும் காவாசிதானா? நடந்தே போயிருக்கலாம் போலயே ஷார்ஜாவுக்கு."

நாலு மணிக்குப் பாதி ஆயிற்று. நாலு பத்துக்குப் பாதிக்கு மேல். நூர்னிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அசர் பாங்கு நாலு இருபத்தைந்துக்கு. கோடு போகிற வேகத்தைப் பார்த்தால் நாலரைக்கு முன்னால் முடியாது. பாங்கு நேரத்தில் அறுந்தால், ஐந்து மணிக்குள் இன்னொரு தடவை அனுப்ப நேரம் இல்லை.

இன்று மட்டும் நிறுத்தாதீங்க அக்கா என்று துளை வழியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நோன்பு வைத்திருக்கிற ஒரு மனுஷியிடம், பாங்கு சொல்லும்போது என் காரியத்தைப் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவளிடமே எப்படிக் கேட்பது? நூர்னிசா கேட்கவில்லை. போனால் போகட்டும், அக்கா எனக்குக் கிடைத்தது போதும் என்று நிஜமாகவே நினைத்தாள்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருமியது. பாங்கு தொடங்கியது.

நூர்னிசா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை. பாங்கு முடிந்தது. துஆ ஓதினாள். கண்ணைத் திறந்தாள்.

கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

நாலு முப்பத்தெட்டுக்கு மைனா முழுசாகப் போய்ச் சேர்ந்தது. நூர்னிசா துளையில் வாயை வைத்து, "போயிருச்சுக்கா" என்றாள். பதில் வரவில்லை. தொழுகையில் இருக்கிறாள் என்று புரிந்தது. தானும் தொழுதுவிட்டுத் தெரு வழியாகப் போனாள்.

பெரிய வீட்டில் ரேடியோ பிளக்கும் டி.வி. பிளக்கும் பிடுங்கிக் கிடந்தன. கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. அதன் திரையை வெள்ளைத் துப்பட்டி மூடியிருந்தது.

"நீங்க நிறுத்தலையேக்கா."

"கத்துச்சுன்னா நிறுத்தியிருப்பேன். அது வாயே திறக்கலையே" என்றாள் மெகராஜ் பேகம். "டயல் பண்ணும்போதுதான் கத்தும், பொறவு சும்மா வேலை பாக்கும் போல. பாங்கு நேரத்துல படம் தெரியக் கூடாதுன்னு துப்பட்டியைப் போட்டேன். சத்தம் போடாம ஒருத்தர் குடும்பத்துக்கு உழைக்கிறதை அல்லா எதுக்குத் தடுக்கப் போறான்?"

நூர்னிசா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஷார்ஜாவிலிருந்து பதில் வந்தது. லேபிள் சரியாக இருக்கிறது, துணியைத் தொடங்கலாம் என்று இரண்டே வரி. நூர்னிசா அதை நாலு தடவை வாசித்துக் காட்டினாள். நாலு தடவையும் மெகராஜ் பேகம் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

"உங்களுக்கு நான் என்னக்கா செய்வேன்?"

"செய்யணும்னா ஒண்ணு செய்யி. இன்னைக்கு சேக்கு லெட்டர் போடுற நாள். வந்திருக்கான்னு பாரு. உங்க மச்சான் ரெண்டு வரிதான் வாசிப்பாக. எம் பிள்ளை எழுதினதை முழுசா ஒரு தடவை கேக்கணும்."

வந்திருந்தது. நூர்னிசா திறந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மெகராஜ் பேகம் உட்கார்ந்தாள்.

"அன்புள்ள அத்தா, அம்மாவுக்கு ஸலாம். நான் நல்லா இருக்கேன். இங்க வெயில் குறையலை. அம்மாவை முழங்காலுக்குத் தைலம் விடாம தேய்க்கச் சொல்லுங்க. சாச்சி பக்கம் லைன் ஒழுங்கா வருதா?"

அதற்கு அடுத்த வரியில் நூர்னிசாவின் குரல் நின்றது.

அத்தா, இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் என்ன சொன்னார். நெஞ்சில் அடைப்புதான் என்றால் தள்ளிப்போட வேண்டாம், மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்க, நான் லீவு போட்டு வந்துவிடுகிறேன். அம்மாகிட்ட இன்னும் எத்தனை நாள் மறைப்பீங்க.

இங்கிலீஷ் எழுத்தில் அந்த வரிகள் திரையில் நின்றன. அவற்றை மெகராஜ் பேகமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். பள்ளிவாசலிலிருந்து காதர் வந்தார். அவருக்குப் பத்து அடி பின்னால் வந்த ஹமீது, தன் வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே தயங்கி நின்றான். கூடத்தில் நூர்னிசாவைப் பார்த்ததும், கம்ப்யூட்டரைப் பார்த்ததும், காதர் கையிலிருந்த கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னம்மா எழுதிருக்கான்?" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

நூர்னிசா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கெஞ்சியது.

"நல்லா இருக்கானாம் மச்சான். லைன் ஒழுங்கா வருதான்னு கேட்டிருக்கான்."

"அம்புட்டுதானா?" என்றாள் மெகராஜ் பேகம்.

"அம்புட்டுதான்க்கா."

காதர் மூச்சை விட்டார். வாசல் பக்கம் திரும்பி, "தெருவுல எதுக்கு நிக்கே? உள்ள வா" என்றார். ஹமீது செருப்பைக் கழற்றினான். லேபிள் போன சேதியைக் கேட்டதும், அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனான். "போதும்ல, நன்றியெல்லாம் நோன்பு திறந்த பொறவு சொல்லு. ரெண்டு பேரும் இருந்து கஞ்சி குடிச்சுட்டுத்தான் போகணும்" என்று மெகராஜ் பேகம் அடுப்பங்கரைக்குப் போனாள்.

கஞ்சி கொதித்தது. அண்ணனும் தம்பியும் ஆறு தறிக்கு நூல் போடுவதைப் பற்றிப் பேசினார்கள். இப்படி ஒரு சாயங்காலம் இனி வராது என்று தான் நம்பியிருந்ததை நினைத்து நூர்னிசாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவுக்கு நடுவில் அந்த மூன்று வரி முள்ளாகக் கிடந்தது. தனக்காகப் பசித்திருந்தவளிடம், அன்றைக்கே, அவள் கேட்ட ஒரே உதவியில் பொய் சொல்லியாயிற்று.

மெகராஜ் பேகம் கூடத்தில் பாய் விரித்தாள். தட்டில் பேரீச்சம்பழம் வைத்தாள். பாங்குக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. பிளக்குகளைப் பார்க்கலாம் என்று எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனாள். திரையில் மகன் கடிதம் திறந்தபடியே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம் போலத் தன் பெயரைத் தேடி விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்று. இரண்டு.

விரல் இன்னும் கீழே இறங்கி, ஓரிடத்தில் நின்றது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்துச் சரி பார்த்துக்கொண்டாள்.

நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு தொடங்கியது. அவள் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"ஏட்டி நூரு" என்றாள், திரும்பாமலே. "எம் பிள்ளை இங்க இன்னொரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கான். இதை நீ வாசிக்கலையே."